ஒரு பொன்னாடையும் ஒரு பட்டுப்புடவையும்

ஏகாம்பரநாதர் மேல் ஆணை. வரதராஜப் பெருமாள் மேல் ஆணை. அந்தோணி கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதால் பதுவை அந்தோணியார் மேலும் ஆணை. இந்த வாரம் இங்கே வரும் சொற்களில் ஒன்றுகூடக் கூட்டிச் சொன்னதில்லை. சந்தேகப்படுகிறவர்கள் கோயில் மாமரத்துக் கிளிகளை விசாரித்துக்கொள்ளலாம். கிளிகள் எதற்குச் சாட்சிக்கு வருகின்றன என்பது போகப் போகத் தெரியும்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். பெரிய காஞ்சிபுரத்து ஆட்டோக்காரர் அந்தோணியின் மகள் சிம்ரன், ‘எங்க ஊர்க் குரல்’ என்ற டிவி பாட்டுப் போட்டியில் கடைசி நான்கு பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். ‘மேடை ஏறாத குரல்களுக்கு ஒரு மேடை’ என்பது அந்த நிகழ்ச்சி மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்ளும் வாசகம். அந்த நால்வரில் இன்னொருத்தியும் இதே ஊர்க்காரி. சின்னக் காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார் பாஷ்யத்தின் மகள் மானஸா.

ஞாயிற்றுக்கிழமை முன்னோட்டத்தில் மானஸாவைக் காட்டினார்கள். “பாட்டே கற்றுக்கொள்ளாத, மைக்கையே தொட்டுப் பார்க்காத ஒரு கல்லூரி மாணவி” என்று பின்னால் ஒரு குரல் உருகியது. அந்தோணி கையிலிருந்த ரிமோட்டை வீசினார். அது ஜன்னல் வழியே பறந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு டிவியில் சேனலை மாற்றிவிட்டுத்தான் கீழே விழுந்தது. எதிர்வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இன்னும் அந்தோணியிடம் பேசவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பாவாடை சட்டைக் காலத்திலிருந்து மானஸாவைப் பாட்டு வகுப்பில் கொண்டுபோய் இறக்கி, காத்திருந்து, திரும்ப ஏற்றிவந்தது அவர் ஆட்டோதான். அந்த ஆட்டோவின் தலையில் ஒரு குழாய் ஒலிபெருக்கியும் உண்டு. கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், கோயில் விழா, மரண அறிவிப்பு, எதுவானாலும் அந்தோணி கம்பீரமாகப் பேசிப் பதிவுசெய்து, பென் டிரைவில் ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றுவார். மானஸாவின் கச்சேரிகளுக்கும் அவர்தான் சுற்றினார். மைக்கையே தொடாத பெண்ணுக்காக மைக்கில் தொண்டை கட்டியவர் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை சேனல் வேன் வந்து வாசலில் நின்றது. போட்டியாளர்களின் வீட்டையும் குடும்பத்தையும் படம் எடுக்க கீர்த்தி என்று ஒரு பெண் வந்திருந்தாள். கூடவே ஒரு கேமராக்காரர். கீர்த்திக்குச் சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் அங்கிள், ஆன்ட்டி.

“வீடு சூப்பரா இருக்கு அங்கிள். ஆனா கொஞ்சம் அதிகமா இருக்கு.”

“இன்னாம்மா அதிகம்?”

“அந்த ஃபிரிட்ஜ். ஃபிரேம்ல வேணாமே.”

ஃபிரிட்ஜ் நகரவில்லை. அது உள்ளே வந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு வாசற்கால் வைத்தார்கள். கீர்த்தி கட்டிலில் கிடந்த யானைப் படம் போட்ட போர்வையை எடுத்து அதற்கு முக்காடு போட்டுவிட்டாள்.

அந்தோணியின் மனைவி மரியம்மாள் மூலையில் உட்கார்ந்து பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சம் கட்டிக்கொண்டிருந்தாள். கடைகளுக்குக் கட்டிக் கொடுப்பதுதான் அவள் வேலை. விரல் நிற்கவில்லை, வாய் மட்டும் திறந்தது.

“அதுக்கே குளுருதுன்னு போத்துறியாம்மா? உள்ளாற இருக்கற தயிரையும் கேட்டுக்கோ. அதுக்கும் ஒண்ணு தரேன்.”

“ஆன்ட்டி, நீங்க செம. இதையே பழைய புடவை ஒண்ணு கட்டிக்கினு வந்து... கட்டிக்கிட்டு வந்து சொல்லுங்களேன்.” கீர்த்திக்கு ஒரு மணி நேரத்தில் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

“பழசு இல்ல. இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்குது.”

கீர்த்தி அந்தோணியை ஆட்டோ பக்கத்தில் நிறுத்தினாள். “பொண்ணைப் பாட்டு கிளாஸுக்கு அனுப்ப முடியலையேன்னு சொல்லிட்டு, அப்படியே கண்ணைத் தொடைக்கணும் அங்கிள்.”

“அனுப்ப முடியாமலாம் இல்லம்மா. இவதான் சர்ச் கொயரே போதும்னுட்டா.”

“முடியலைன்னே இருக்கட்டும் அங்கிள். அதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கும்.”

அந்தோணிக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வருவது கோபம், அது காதுமடலில் வரும். அன்றைக்கு அவை சிவந்த சிவப்பைப் பார்த்து, தெருமுனையில் திரும்பிய டவுன் பஸ் சிக்னல் விழுந்ததென்று நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து கீர்த்தியின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. மரியம்மாள் கொடுத்த சார்ஜரின் முனை அதற்குப் பொருந்தவில்லை. அவள் போனைக் கைப்பையில் போட்டுவிட்டு, சென்னைக்குப் பேசவேண்டியதைக் கேமராக்காரரின் போனில் பேசினாள்.

பிறகு சிம்ரனைப் பாடச் சொன்னார்கள். பாடினாள். பக்கத்து வீட்டுத் தறியில் ஓடிய நாடா பாதி வழியில் நின்று கேட்டுவிட்டு அப்புறம்தான் மறுகரைக்குப் போனது. இதை அந்த வீட்டு நெசவுக்காரரே சொன்னார். அந்த இடத்தில் புடவையில் ஒரு இழை தளர்ந்திருப்பதை இன்றும் காட்டுகிறார்.

வேனில் ஏறப் போன கீர்த்தியை அந்தோணி நிறுத்தினார். “அடுத்து எங்கம்மா?”

“மானஸா வீட்டுக்கு அங்கிள். பாவம், அவங்களும் சிம்பிள் ஃபேமிலி. பாத்ரூம்லயே பாடிக்கிட்டிருந்த பொண்ணு.”

“பாத்ரூம்லயா? அவளைக் கச்சேரிக்கு ஏத்திக்கினு போனவன் நான்மா. அப்போ அந்த சபா எல்லாம் பாத்ரூமா?”

கீர்த்தி சிரிக்கவில்லை. கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் தோளில் கேமரா ஏறியது.

“சொல்லணும்னா இதுல சொல்லுங்க அங்கிள்.”

அந்தோணி சொன்னார். பத்து வருஷமாக ஊருக்கு அறிவிக்கிற தொண்டை. “கத்துக்கினு, மேடையேறி, கூலி வாங்கிப் பாடுனவங்கல்லாம் இதுல நிக்கக் கூடாது. அப்பிடி எவ இருந்தாலும் வெளிய அனுப்பணும். யாரா இருந்தாலும் சரி.”

“இன்னொரு தடவை அங்கிள். வெளிச்சம் முகத்துல விழற மாதிரி.”

இன்னொரு தடவை சொன்னார். அதைவிட அழுத்தமாக.

வேன் போனதும் சிம்ரன் அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கும் காதுமடல் அப்பாவுடையதுதான்.

“உன்னை யாருப்பா பேசச் சொன்னது?”

“பின்ன? சின்ன வயசுலேந்து கத்துக்கினவ ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஓட்டப் பந்தயத்துல நடந்து வரவளையும் பஸ்ல வரவளையும் ஒண்ணா நிறுத்துவாங்களா?”

“பஸ்ல வரவளை நடந்து போயி ஜெயிச்சாத்தான்பா அதுக்குப் பேரு ஜெயிக்கிறது. நீ பஸ்ஸைப் பஞ்சர் பண்ணிட்டு என்னை நடக்கச் சொல்ற. அவளை வெளிய தள்ளிட்டு அந்தக் கப்பை வாங்கியாந்தா, யாரை ஜெயிச்சேன்னு சொல்லட்டும்?”

“நீ யாரையும் சொல்ல வேணாம். கப்பைக் காட்டு, போதும்.”

“ஏ, இரு” என்றாள் மரியம்மாள். “கத்துக்கினது தப்பில்ல. கத்துக்கவேயில்லன்னு டிவியில கூசாம சொல்றாங்க பாரு, அதான் தப்பு. போயி கேளுயா நீ.” சொல்லிக்கொண்டே திரும்பியவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அது முக்காடில்லாமல் நின்றது. “என் போர்வை எங்க?”

போர்வை வேனில் போய்விட்டது.

எனவே மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். நியாயம் கேட்க ஒருவர், போர்வை கேட்க ஒருத்தி, இருவரையும் திருப்பிக் கூட்டிவர ஒருத்தி. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசல்களில் வெளியூர்க் கார்களை மறித்து நிற்கும் ஆட்கள் அந்தோணியின் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். அந்த ஆட்கள் ஆம்புலன்ஸையே நிறுத்திப் புடவை காட்டுகிறவர்கள். பெட்ரோல் முள் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி கோபத்திலேயே சின்னக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது.

மாட வீதியில் பாஷ்யம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் விளக்கு வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மானஸாவை நூல் புடவை கட்டவைத்துக் கையில் மல்லிகைப்பூவும் நாரும் கொடுத்திருந்தாள் கீர்த்தி. மானஸாவுக்குப் பூத்தொடுக்கத் தெரியாது என்பதை அந்தப் பூக்களைப் பார்த்தாலே தெரிந்தது. சுவரில் நான்கைந்து இடங்களில் சதுரம் சதுரமாக வெள்ளை. மாட்டியிருந்த கச்சேரிப் படங்களை எடுத்திருந்தார்கள். மூலையில் ஆள் உயரத்தில் ஏதோ ஒன்று, அடிபெருத்து, நுனி சிறுத்து, யானைப் படம் போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

“அது எங்க வீட்டுப் போர்வை” என்றாள் மரியம்மாள் வாசலிலிருந்தே.

அந்தோணிக்கு உள்ளே இருப்பதும் தெரிந்தது. வருஷக்கணக்காக ஆட்டோவின் பின்சீட்டில், மானஸாவின் தோளில் சாய்ந்தபடி வந்த தம்புரா. போர்வை போட்டால் மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

பாஷ்யம் வெளியே வந்தார். “என்னப்பா அந்தோணி, இன்னிக்கு சவாரி ஒண்ணும் சொல்லலையே.”

“சவாரிக்கு வரல சார். எங்க வீட்ல ஃபிரிட்ஜை மூடுனாங்க. உங்க வீட்ல தம்புராவை மூடியிருக்காங்க. எங்களுக்கு இருக்கறதை இல்லன்னு காட்டணும், உங்களுக்குத் தெரிஞ்சதைத் தெரியாதுன்னு காட்டணும். அது இன்னா போட்டி சார்?”

“இவா சொல்றதைச் செய்யறோம். டிவின்னா அப்படித்தான் இருக்கும். அதுக்குத் தெருவுல நின்னு சத்தம் போடுவியா?”

“போடுவேன். என் பொண்ணு நிக்கற இடத்துல கச்சேரி பண்றவ வந்து நிக்கலாமா?”

“ஏன் நிக்கக் கூடாது? இத்தனை வருஷம் ராப்பகலா சாதகம் பண்ணினவளுக்குப் பரிசு போனா உனக்கு என்ன வயத்தெரிச்சல்? கணக்குத் தெரிஞ்சவன் கணக்குப் பரீட்சை எழுதக் கூடாதும்பியா?”

“நல்லா எழுதட்டும் சார். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு வெச்ச பரீட்சையில வந்து எழுதாதீங்கன்னுதான் சொல்றேன். எழுதறதும் எழுதிட்டு, ஸ்கூல் வாசப்படியே மிதிச்சதில்லன்னு வேற சொல்றீங்க.”

பாஷ்யத்தின் முகம் கறுத்தது. கூடத்திலிருந்து கேமரா வாசலுக்கு வந்துவிட்டதை அவர் பார்த்தார். குரல் உயர்ந்தது. “என் பொண்ணு மேடையேறினாங்கறதுக்கு உன்கிட்ட என்ன அத்தாட்சி இருக்கு? சொல்லு பார்ப்போம்.”

கணக்கு வாத்தியார். நிரூபிக்கச் சொல்லியே பழகியவர்.

“அத்தாட்சிதானே” என்றார் அந்தோணி.

ஆட்டோவுக்குப் போனார். பென் டிரைவைச் செருகினார். தேடி அழுத்தினார். குழாயிலிருந்து அவர் குரலே கிளம்பியது.

“அன்பார்ந்த பொதுமக்களே. இன்று மாலை ஆறு மணி அளவில், சின்னக் காஞ்சிபுரம் செல்வி மானஸா பாஷ்யம் அவர்களின் வாய்ப்பாட்டுக் கச்சேரி. இளம் வயதிலேயே எண்ணற்ற மேடைகளைக் கண்ட...”

மாட வீதி முழுக்கக் கேட்டது. அப்புறமும் போனது. தாமல் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நாரைகள், கச்சேரி ஆறு மணிக்கென்றால் இப்போதே கிளம்பினால்தான் இடம் கிடைக்கும் என்று கிழக்கே பறந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீடுகளிலிருந்து ஜனம் வந்தது. பாஷ்யம் படியிறங்கி வந்து அந்தோணியின் கையைப் பிடித்தார். “நிறுத்துப்பா.”

“முழுசா கேளுங்க சார். எண்ணற்ற மேடைன்னு உங்க வாயால சொல்லித்தான் என்னைப் பேசச் சொன்னீங்க.”

சட்டையை உதறிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, தெரு நடுவே நின்றார். வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக அவர் நின்றதில்லை. அறிவிப்பு ‘அனைவரும் வருக’ என்று முடிந்தது.

இங்கேதான் தொழில் அவரைக் கவிழ்த்தது. விளம்பர ஆட்டோவில் ஒரு வழக்கம் உண்டு. குழாய் சும்மா இருக்கக் கூடாது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடவேண்டும், இல்லாவிட்டால் தெரு மறந்துவிடும். அப்படி அமைத்துவைத்தவர் அந்தோணியேதான். தலைக்கு மேலேயே ஓயாமல் ஓடும் பாட்டைக் கேட்பதை அவர் காது எப்போதோ விட்டிருந்தது. அடுத்தது என்ன என்று அவர் யோசிக்கவே இல்லை.

அடுத்தது ஓடியது.

“வாங்க வாங்க பட்டு வாங்க
வாசல் தாண்டிப் போகாதீங்க
ரெட்டைப்பேட்டு ஜரிகை பாருங்க
தொட்டுப் பாத்து எடுத்துக்கோங்க...”

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற வெங்கடேசன் கடை விளம்பரப் பாட்டு. ஊரில் இதைக் கேட்காத காது இல்லை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக் கிளிகள் இதை இரண்டாம் வரியிலிருந்து பாடும். முதல் வரி அவற்றுக்குப் பிடிக்காது. கூடியிருந்த ஜனமும் பழக்க தோஷத்தில் ‘தொட்டுப் பாத்து எடுத்துக்கோங்க’ என்று கூடவே முணுமுணுத்தது. பாடுவது யார் என்று மட்டும் இத்தனை நாளில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆட்டோவின் பின்சீட்டில் சிம்ரன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

கீர்த்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இது சிம்ரன் வாய்ஸ்.”

அந்தோணி ஓடினார். பொத்தானை அமுக்கினார். நிற்கவில்லை. பென் டிரைவைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் பாட்டு இன்னும் ஒரு வரி பாடிவிட்டுத்தான் ஓய்ந்தது. 

“இதுக்கு என்ன அங்கிள் குடுத்தாங்க?”

அந்தோணி பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் திணித்தார். மரியம்மாளுக்கு மறைத்துப் பழக்கமில்லை. “சும்மாவா பாடுவா? வெங்கடேசன் முதலாளி பட்டுப்புடவை குடுத்தாரு. குச்சம் கட்டினது நான். போன வாரம் உங்க டிவியிலயே அதைத்தான் கட்டிக்கினு பாடினா.”

கீர்த்தி பாஷ்யத்தின் பக்கம் திரும்பினாள். “மானஸாவுக்கு சார்? கச்சேரிக்கு?”

“ஒரு பொன்னாடை. தட்டுல நாலு பழம்.” பாஷ்யம் தொண்டையைச் செருமினார். “ரெண்டு இடத்துல பொன்னாடையை அடுத்த கச்சேரிக்கு வேணும்னு திருப்பி வாங்கிண்டுட்டா.”

கீர்த்தி கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, நிதானமாக, திக்காமல் படித்தாள்.

“விதி ஒன்பது. பாடியதற்குக் கூலியாகப் பணமோ பொருளோ பெற்றவர் தொழில்முறைப் பாடகராகக் கருதப்படுவார். அவர் போட்டியில் தொடர இயலாது.”

அந்தோணிக்கு முதலில் புரியவில்லை. “அப்போ, வருஷக்கணக்கா கத்துக்கினு சபாவுல பாடுனவ?”

“அமெச்சூர், அங்கிள்.”

“ஒரு நாள்கூட கத்துக்காத என் பொண்ணு?”

“ப்ரொஃபஷனல்.” கீர்த்தியின் முகத்தில் வருத்தம் சரியான அளவில் இருந்தது. “காலைல நீங்களே சொல்லியிருக்கீங்க அங்கிள். கூலி வாங்கினவங்க யாரா இருந்தாலும் வெளிய அனுப்பணும்னு. ரெண்டு தடவை.”

அந்தோணியின் கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று. பாஷ்யத்தைப் பார்த்தது. கேமராவைப் பார்த்தது. தலைக்கு மேலிருந்த குழாயைப் பார்த்தது. கடைசியில் அவரிடமே திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டது. அவர் ஆட்டோவின் படியில் உட்கார்ந்தார்.

“அது எப்படி?”

கேட்டது மானஸா. மடியிலிருந்த மல்லிகை சிதற எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள். கச்சேரியில் கேட்காத குரல்.

“எனக்குத் துணி போத்தினா மரியாதை. அவளுக்குத் துணி குடுத்தா கூலியா? யார் எழுதின விதி அது?”

“மானஸா, உனக்கு நல்லதுதானேம்மா நடந்திருக்கு” என்றார் பாஷ்யம்.

“நல்லதா?” உள்ளே போனாள். போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தம்புரா ஒருதரம் அதிர்ந்து அடங்கியது. “இருட்டோட எழுப்பி இதுக்கு முன்னாடி உக்காத்தி வெச்சேளே அப்பா. ஜுரத்துல கூட. இவா ஒரு வார்த்தை சொன்னதும் போர்வை போட்டு மூடிட்டேள். நான் கத்துண்டது உங்களுக்கே வெக்கமா இருக்கா?”

பாஷ்யம் முப்பது வருஷமாக அடுத்தவரைக் கேள்வி கேட்டே வாழ்ந்தவர். அவர் விடை தெரியாமல் நின்றதைப் பார்க்க, அவரிடம் அடி வாங்கிய பழைய மாணவர்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள்.

மானஸா போர்வையை நான்காக மடித்து மரியம்மாளிடம் கொடுத்தாள். ஆட்டோவின் பின்சீட்டுக்குக் குனிந்தாள்.

“வெள்ளிக்கிழமை ஷூட்டிங்ல மைக் குடுத்ததும் நான் சொல்லப் போறேன். கத்துண்டவ, மேடையேறினவன்னு. நீயும் வா.”

“நான் எதுக்கு? நான்தான் இல்லியே.”

“வந்து பாடு. நிறுத்தறவா எல்லார் எதிர்லயும் நிறுத்தட்டும்.”

சிம்ரன் முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, வேறொன்று இருந்தது. “உன்னை ஜெயிக்கணும்னுதான் வந்தேன் நான். தோத்தாலும் உங்கிட்ட தோத்தேன்னு இருந்திருக்கும். இப்போ ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது. ரெண்டையும் எங்கப்பா ஒரே குழாய்ல ஊதிட்டாரு.”

அந்தோணி தரையைப் பார்த்தார்.

வேனில் ஏறும்போது கீர்த்தி இரு குடும்பத்துக்கும் பொதுவாகச் சொன்னாள். “வெள்ளிக்கிழமை சேனல் முடிவு சொல்லும். எல்லாரும் வந்துடுங்க. இதே மாதிரி வாங்க, இதே கோபத்தோட.”

கேமராக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கியது அப்போதுதான்.

திரும்பி வரும் வழியில் கோபம் தீர்ந்துபோனதால் பெட்ரோல் போடவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மரியம்மாள் போர்வையைக் கட்டிலில் விரித்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துப் புருஷனுக்கு முன்னால் ணங்கென்று வைத்தாள். அந்தோணி குடிக்கவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஆட்டோவின் மேல் ஏறி, ஒலிபெருக்கியின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இன்னா பண்ற?” சிம்ரன் வாசலில் நின்றாள். கையில் அந்தப் பட்டுப்புடவை.

“இது வேணாம்மா. இனிமே இது வேணாம்.”

“இறங்கு.”

“என் வாய்தான்மா உனக்கு...”

“உன் வாய்தான். அதுக்கு எதுக்கு குழாயைக் கழட்டுற? அது பாடினது என் குரல்பா. எனக்குக் குடுத்த கூலி இது. அம்மா குச்சம் கட்டுறா கூலிக்கு, நீ ஓட்டுற கூலிக்கு, நான் பாடினா மட்டும் அது திருட்டா? வெள்ளிக்கிழமை இந்தப் புடவையைக் கட்டிக்கினுதான் வருவேன். வெளிய அனுப்பினா இதுலயே அனுப்பட்டும்.”

அந்தோணி ஸ்பானரோடு அப்படியே நின்றார். “எதுல போறது? கார் வெச்சிக்கலாமா?”

“ஆட்டோவுலதான். குழாயோட.” உள்ளங்கையை நீட்டினாள். “பென் டிரைவைக் குடு.”

கொடுத்தார். அதில் என்ன ஏற்றப் போகிறாள் என்று கேட்கும் தைரியம் அவருக்கு அன்று இல்லை. கழற்றிய போல்ட்டை மறுபடி முடுக்கினார். முடுக்க முடுக்கக் காதுமடல் மெல்லச் சிவந்தது. தெருமுனையில் பஸ் ஒன்று நின்றது.

விதி ஒன்பதைக் கீர்த்தி பார்த்துப் படித்த அந்த போன், காலையில் அந்தோணி வீட்டில் அணைந்தது. அது மறுபடி உயிர்பெற்றது இரவு சென்னை போய்ச் சேர்ந்த பிறகுதான்.